சிவப்புப் பாறை நாட்குறிப்பு: யூட்டா, அக்டோபர் 2023

அக்டோபர் 10, செவ்வாய். ஸ்பிரிங்டேல்

லாஸ் வேகஸில் வாடகைக் கார் எடுத்து மதியத்துக்குள் வந்துவிட்டோம். செலவுக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தராததால் அமெரிக்க அரசு முடங்கப்போகிறது, பூங்காக்களை மூடிவிடுவார்கள் என்று போன மாதக் கடைசி முழுக்க ஒரே பேச்சு. செப்டம்பர் 30 இரவுதான் அந்தக் கண்டம் தாண்டியது.

ஸயான் தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்குக்குள் சொந்த வண்டி போகமுடியாது. இலவச ஷட்டில் பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போய், வர்ஜின் ஆற்றோரமாக நடந்தோம். சமதளப் பாதை என்பதால் அம்மாவும் கூடவே வந்தார். இருபுறமும் செங்குத்தான சிவப்புச் சுவர். ஜுராசிக் காலத்தில் இங்கே பரந்து கிடந்த பாலைவனத்தின் மணல்மேடுகள்தான் கெட்டியாகி இப்படி நிற்கின்றன. மணல் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய துருப் பூச்சு. சிவப்புக்குக் காரணம் அந்த இரும்புதான்.

சுவரின் நடுவில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி மட்டும் பெரணி, பாசி, பூச்செடி. மேலே பெய்த மழை மணற்கல்லுக்குள் மெதுவாக இறங்கி, கீழே நீர் புகாத களிப்பாறை அடுக்கில் முட்டி, பக்கவாட்டில் வெளியே வருகிறது. அப்படி வந்து சேர ஆயிரம் வருடத்துக்கு மேல்கூட ஆகுமாம். அம்மா அதைக் கேட்டதும் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டார்.

பாதை முடியும் இடத்தில், வாடகைக் காலணியும் கம்புமாக ஆற்றுக்குள்ளேயே இறங்கி நடக்கிறார்கள். திடீர் வெள்ள எச்சரிக்கை இருந்தால் விடமாட்டார்கள். எங்கோ தொலைவில் பெய்யும் மழை இந்தக் குறுகலில் ஆளை அடித்துப் போய்விடும்.

அக்டோபர் 11, புதன். பிரைஸ்

1930இல் திறந்த சுரங்கப்பாதை வழியாக ஸயானை விட்டு வெளியேறினோம். ஒரு மைலுக்குச் சற்று மேல் நீளம். மலையின் வயிற்றில் ஆங்காங்கே ஜன்னல் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் நிறுத்திப் பார்க்கக் கூடாது.

பிரைஸ் கேன்யன் உண்மையில் ஆறு அறுத்த பள்ளத்தாக்கே இல்லை. ஒரு பீடபூமியின் விளிம்பு அரித்து அரித்துப் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் இரவில் உறைந்து பகலில் உருகும் குளிர். விரிசலில் புகுந்த நீர் உறையும்போது பெருத்துப் பாறையைப் பிளக்கிறது. மழை மிச்சத்தைக் கரைக்கிறது. முடிவில் நிற்பவை ஹூடூ என்கிற ஆயிரக்கணக்கான கல் தூண்கள்: ஆரஞ்சு, ரோஜா, வெள்ளை.

இங்கே குடியேறிய எபனேசர் பிரைஸ், மாடு தொலைந்தால் தேடுவதற்கு இதைவிட மோசமான இடம் கிடையாது என்றாராம். ஊர்ப்பெயரே அவருடையது. இங்கத்திய பையூட் பழங்குடி மக்களிடம் இருப்பது வேறு கதை. முன்னொரு காலத்தில் இங்கே வாழ்ந்தவர்கள் தீய வழியில் போக, கயோட்டி என்கிற ஓநாய் போன்ற மாய விலங்கு அவர்களைக் கல்லாக்கிவிட்டதாம்.

"நம்ம ஊர்ல அகலிகை ஒருத்திதான். இங்க ஊரே கல்லாப் போச்சா?" என்றார் அம்மா.

ஊட்டியைவிட உயரமான இடம் இது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அம்மாவை விளிம்பில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நானும் மனைவியும் கீழே இறங்கினோம். திரும்பி வந்தபோது அவர் ஒரு டெக்ஸாஸ் தம்பதியின் குடும்ப வரலாறு முழுவதையும் விசாரித்து முடித்திருந்தார். என்ன மொழியில் என்று கேட்காதீர்கள்.

அக்டோபர் 12, வியாழன். டோரி

இன்று பாதிப் பொழுது நெடுஞ்சாலை 12. ஓரிடத்தில் முகட்டின் மேலேயே சாலை, இரண்டு பக்கமும் பாதாளம், தடுப்புச் சுவர் கிடையாது. அடுத்து வரும் போல்டர் என்கிற சிற்றூருக்கு 1930களிலும் கோவேறு கழுதை முதுகில்தான் தபால் போயிருக்கிறது.

சாலையை ஒட்டிக் கிடக்கும் பெரும்பரப்பு கிராண்ட் ஸ்டேர்கேஸ்-எஸ்கலான்டே தேசிய நினைவுச்சின்னம். பெயர்தான் அப்படி, உண்மையில் பாதுகாக்கப்பட்ட நிலம். பூங்காவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று மனைவி கேட்டாள். தேசியப் பூங்கா அமைக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றவேண்டும். நினைவுச்சின்னத்துக்கு 1906ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதிபரின் கையெழுத்து போதும். கிளின்டன் 1996இல் இதை அறிவித்தார், அதுவும் யூட்டாவுக்கு வராமல் அரிசோனாவில் இருந்துகொண்டு. நிலத்தடியில் இருந்த நிலக்கரியை எதிர்பார்த்திருந்த உள்ளூர்க்காரர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. 2017இல் டிரம்ப் ஏறக்குறைய பாதியாக வெட்டினார். 2021இல் பைடன் பழைய எல்லைக்கே கொண்டுவந்தார். கல் அப்படியே இருக்கிறது, வரைபடம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் கையெழுத்து முறையைக் குறை சொல்லிவிடவும் முடியாது. ஸயான் 1909, பிரைஸ் 1923, ஆர்ச்சஸ் 1929, கேப்பிடல் ரீஃப் 1937: யூட்டாவின் ஐந்து தேசியப் பூங்காக்களில் நான்கு முதலில் அதிபர் கையெழுத்தால் காப்பாற்றப்பட்டவைதான். நாடாளுமன்றம் பின்னால்தான் விழித்துக்கொண்டது.

கேப்பிடல் ரீஃபில் ஃப்ரூட்டா என்றொரு பழைய குடியிருப்பு, மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவினருடையது. ஊர் இல்லை, தோட்டம் இருக்கிறது. பூங்கா நிர்வாகமே பழ மரங்களைப் பராமரிக்கிறது. பறிக்க அனுமதித்த தோட்டத்துக்குள் நின்று தின்றால் இலவசம், எடுத்துப்போனால் காசு. ஆப்பிள் பறித்தோம். பக்கத்துப் பாறையில் ஃப்ரீமான்ட் பழங்குடியினர் செதுக்கிய மனித உருவங்கள், தலையில் கொம்பலங்காரத்துடன்.

அக்டோபர் 13, வெள்ளி. மெக்சிகன் ஹேட்

வழியில் நேச்சுரல் பிரிட்ஜஸ். 1908இல் அறிவித்த, யூட்டாவின் முதல் தேசிய நினைவுச்சின்னம். ஓடை குடைந்த மூன்று கல் பாலங்கள், மூன்றுக்கும் ஹோப்பி மக்களின் மொழியில் பெயர்: சிப்பாப்பு, கச்சினா, ஒவாச்சொமோ. ஒவாச்சொமோ 180 அடி நீளம், கனம் 9 அடிதான். அதன் அடியில் அதிக நேரம் நிற்க எனக்கு மனம் வரவில்லை. விளக்கு வெளிச்சம் கெடுக்காத இரவு வானத்துக்காக உலகத்தின் முதல் சர்வதேச இருண்ட வான் பூங்காவாக 2007இல் தேர்வான இடம் இது. நாங்கள் பட்டப்பகலில் வந்து சேர்ந்தோம்.

பிறகு மோக்கி டக்வே. யுரேனியம் லாரிகளுக்காக 1950களில் மலைச்சரிவில் வெட்டிய மண் பாதை. மூன்று மைலில் ஆயிரத்துச் சொச்சம் அடி இறக்கம், கொண்டை ஊசி வளைவுகள். அம்மா பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

நாளை வளைய சூரிய கிரகணம், நடுப்பாதை இந்தப் பக்கமாகத்தான். எங்கே பார்த்தாலும் தொலைநோக்கி கட்டிய வண்டிகள். மோட்டல் அறைக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு வாடகை வாங்கினார்கள், அதுவும் மாதக்கணக்கில் முன்பே.

அக்டோபர் 14, சனி. மெக்சிகன் ஹேட்

இன்றையதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மான்யுமென்ட் வேலி தேசியப் பூங்கா கிடையாது, நவஹோ நாடு என்ற பழங்குடித் தன்னாட்சிப் பகுதியின் பூங்கா. எங்கள் வருடாந்தரப் பூங்கா அட்டை அங்கே செல்லாது. இன்று காலை 8 முதல் மதியம் 1 வரை மூடப்படும் என்று முன்பே அறிவித்துவிட்டார்கள். கிரகணத்தின்போது நவஹோ மக்கள் வீட்டுக்குள் இருப்பார்கள். சூரியனைப் பார்க்கமாட்டார்கள், சாப்பிடமாட்டார்கள், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். உலகமே வந்து டிக்கெட் வாங்கக் காத்திருக்கும் நாளில் கடையைச் சாத்தினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் அறையிலும் அதே நிலைமை. சூரிய கிரகணம் என்றாலே அமாவாசை, இந்தத் தடவை மகாளய அமாவாசை வேறு. காலை ஆறரைக்கே அம்மா காப்பியை முடித்துக்கொண்டார். ஐஸ் பெட்டியில் இருந்த தயிர்சாதத்தின் மேல் தர்ப்பையைப் போட்டார். ஊரிலிருந்து தர்ப்பை எடுத்து வந்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நானும் மனைவியும் கிரகணக் கண்ணாடியோடு வெளியே போனோம். ஒன்பது மணிக்கு மேல் கடிபட ஆரம்பித்தது. பத்தேகாலுக்கு வெளிச்சம் விசித்திரமாகிவிட்டது. சாயங்காலம் போலவும் இல்லை, மேகமூட்டம் போலவும் இல்லை. சிவப்புப் பாறை ஈயம் பூசிய மாதிரி மங்கியது. குளிர் ஏறியது. பத்தரை மணி வாக்கில் நிலவு நடுவில் பொருந்தி, நான்கு நிமிடத்துக்கு மேல் முழு வளையம். மனைவி பூரி பொரிக்கும் ஜல்லிக்கரண்டியைக் கொண்டுவந்திருந்தாள். அதன் ஓட்டைகள் வழியே தரையில் ஏகப்பட்ட குட்டி வளையங்கள். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர் அந்தக் கரண்டியைத்தான் அதிகம் படம் எடுத்தார்.

மதியம் எல்லோரும் குளித்தபின் நான் தர்ப்பணம் செய்தேன். அம்மா, அப்பாவை நினைத்து, மோட்டலின் பின்புறச் சுவரில் ஒரு பிடி சாதம் வைத்தார். பூங்காவுக்குள் என்றால் பறவைகளுக்குத் தீனி போடுவது குற்றம், இங்கே யாரும் கேட்கவில்லை. இங்கத்திய அண்டங்காக்கை நம் ஊர்க் காக்கையைவிட மிகப் பெரிது. ஒன்று வந்து, சந்தேகத்தோடு சுற்றிப் பார்த்து, ஒரே மூச்சில் காலி செய்தது.

பூங்கா மறுபடி திறந்ததும் போனோம். 17 மைல் மண் பாதை, நவஹோ பெண் ஒருவர் ஓட்டிய திறந்த ஜீப். கையுறை வடிவில் இரண்டு குன்றுகள், நடுவே வெறும் வானம். காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். குழந்தைகளோடு வீட்டுக்குள்ளேயே இருந்தோம், எதுவும் சாப்பிடவில்லை என்றார். அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.

"பார்த்தியா. அவங்களுக்குத் தெரியுது."

அப்புறம் அந்தப் பெண்ணிடம் என்னைக் கைகாட்டித் தலையில் அடித்துக்கொண்டார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு. மோவாப்

இந்த 2023இல் ஆர்ச்சஸுக்கு நேரம் குறித்த முன்பதிவு வேண்டியிருந்தது, ஒரு வண்டிக்கு 2 டாலர். பூங்காவுக்குள் 2,000க்கும் மேல் கல் வளைவுகள். அடியில் பழங்கடல் விட்டுப்போன உப்புப் படுகை. மேலிருந்த பாறைச் சுமையில் அது பிதுங்கி நகர, மேலடுக்குகள் வரிசையாகப் பிளந்தன. அந்தப் பிளவுச் சுவர்களில் விழுந்த ஓட்டைகள்தான் இவை. நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். லேண்ட்ஸ்கேப் வளைவிலிருந்து 1991இல் பெரிய பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது, அதற்குப்பின் அடியில் யாரையும் விடுவதில்லை. வால் ஆர்ச் 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் மொத்தமாகச் சரிந்தது.

பாதையை விட்டு இறங்காதே என்ற பலகை எங்கும். கருப்பாகப் பொருபொருவென்று கிடக்கும் மண் மேலோடு உயிருள்ளது. நுண்ணுயிர்கள் மணலைக் கட்டி வைத்திருக்கின்றன. ஒருவர் மிதித்தால் தேற வருடக்கணக்காகும். ஒரு பையன் படத்துக்காக நடுவில் போய் நின்றான். அம்மா தமிழிலேயே அதட்டினார். வந்துவிட்டான்.

டெலிகேட் ஆர்ச்சுக்கு நான் மட்டும் ஏறினேன். கூட்டம்.

அக்டோபர் 16, திங்கள். மோவாப்

கேன்யன்லேண்ட்ஸ். கையெழுத்தில் தொடங்காமல் 1964இல் நேரடியாகச் சட்டத்தில் பிறந்த பூங்கா. மேசா ஆர்ச்சில் விடியலுக்கு முன்பே கேமரா முக்காலிகள் இடம் பிடித்திருந்தன. கீழே வெள்ளை விளிம்பை ஒட்டி ஓடும் 100 மைல் பாதை, யுரேனியம் தேடி வந்தவர்கள் போட்டது.

அப்ஹீவல் டோம் என்ற பெரிய வட்டக் குழி இருக்கிறது. அடியிலிருந்து உப்பு பிதுங்கியதால் வந்ததா, விண்கல் விழுந்ததா என்று வெகுகாலம் சண்டை. பெரும் அதிர்ச்சியில் மட்டுமே உருவாகும் குவார்ட்ஸ் துகள்கள் கிடைத்தபிறகு விண்கல் கட்சியின் கை ஓங்கிவிட்டது. அம்மா இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு உப்பு என்றார். காரணம் சொல்லவில்லை.

நாளை காலை சால்ட் லேக் சிட்டி, நாலு மணி நேர ஓட்டம். காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் இந்தச் செம்மண்ணைக் கழுவவேண்டும், சீட்டுக்கு அடியில் வரை போயிருக்கிறது.