சேருடைய நீலக் கொப்பி

எங்கள் வரலாற்று ஆசிரியர் காலமான செய்தி, கனடாவில் நான் வசிக்கும் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்த அன்றிரவு, என் கண்முன் நின்றது அவருடைய நீலமட்டைக் கொப்பிதான்.

1988 ஆம் ஆண்டு, சமூகக்கல்வியும் வரலாறும் பாடவேளை. முந்திய நவம்பரில் நிறைவேறிய 13 ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று இலங்கை அரசியலமைப்பில் எழுதியிருந்தது. “அந்த உம்மையைப் பாருங்கோ பிள்ளையள், பிறகு சேர்த்ததெண்டு அதுவே சொல்லுது” என்றார் சேர். அநுராதபுரமும் பொலன்னறுவையும் விரிந்து கிடந்த எங்கள் இலவசப் பாடநூலில், நல்லூரிலிருந்து ஆண்ட யாழ்ப்பாண அரசு சில பந்திகளுக்குள் முடிந்துபோனது. ஆகவே புத்தகத்தை மூடிவைத்து, தாம் கைப்பட எழுதிய அந்தக் கொப்பியிலிருந்து அந்த அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த 1619 வரையான கதையைச் சொல்லத் தொடங்கினார். ஒரு சனிக்கிழமை சைக்கிள்களில் கூட்டிச்சென்று, நல்லூரில் ‘ப’ வடிவில் வெட்டிய யமுனா ஏரி என்ற கேணியின் படிகளை எண்ணவும் வைத்தார்.

அடுத்த வாரம் நான் எழுந்து, “இது சோதினைக்கு வருமோ சேர்?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. “வராது” என்றவர் கொப்பியை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் பாடநூலை எடுத்தார். எங்கள் வகுப்பில் அந்தக் கொப்பி பிறகு திறக்கப்படவேயில்லை.

கனடாவின் 1982 ஆம் ஆண்டு உரிமைகள் சாசனத்தின் 27 ஆம் பிரிவு, பல்பண்பாட்டு மரபைப் பேணி வளர்ப்பதற்கு இசைவாகவே சாசனத்துக்குப் பொருள்கொள்ள வேண்டும் என்கிறது. ஒன்ராறியோவிலும் பாடநூல்களுக்கு அமைச்சின் அங்கீகாரம் வேண்டும் என்பதால், அங்கீகாரம் என்பதையே நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இங்கே பதிப்பகங்கள் எழுதிய நூல்களில் பாரபட்சம் உண்டா என்றும் பார்த்தே அமைச்சு அங்கீகரிக்கிறது; அங்கே எழுதுவித்ததும் அச்சிட்டதும் பங்கிட்டதும் அரசாகவே இருந்தபடியால், எங்கள் பந்திகள் ஏன் குறைந்தன என்று கேட்க வெளியே ஒருவரும் இருக்கவில்லை. சேர் ஒருவர்தான் கேட்டார். அவரை நிறுத்தியது என் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் பாடசாலை ஒப்படைக்காக யாழ்ப்பாண அரசைப்பற்றிக் கேட்டபோது, ‘ப’ வடிவக் கேணிக்கு அப்பால் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. அன்றே சேருக்குத் தொலைபேசி எடுத்து, நாக்குழற அந்தக் கொப்பியை விசாரித்தேன். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டோடு விட்டுவந்ததாகச் சொன்னவர், “பிள்ளை எத்தினையாம் வகுப்பு?” என்று கேட்டுவிட்டு, நினைவிலிருந்தே சொல்லத் தொடங்கினார்.