உலை ஒன்று, தம்பதி இரண்டு

2010-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முந்தைய வீட்டுப் பட்டியல் எடுக்கப் போன ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. எனக்கு ஒதுக்கியது திருப்பூரில் லைன் வீடுகள் நெருக்கியடித்த ஒரு பகுதி. பயிற்சியில் சொன்ன விதி சுலபமானது. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். சொந்தக்காரர்களாக இருக்கவேண்டும் என்பதில்லை. பனியன் கம்பெனிக்குப் போகும் ஐந்தாறு பையன்கள் அறை எடுத்துச் சேர்ந்து சமைத்தால் ஒரு குடும்பம். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு வைத்திருந்தால் இரண்டு. ரேஷன் கார்டு எத்தனை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு வீட்டில், "எல்லாருக்கும் ஒண்ணாத்தான் ஆக்குறோம் டீச்சர்" என்றார் ஒரு பாட்டி. ஒரே அறை. பாட்டி, தாத்தா, மகன், மருமகள், கைக்குழந்தை. ராத்திரி தாத்தாவுக்கு வாசலில் கட்டில், பாட்டிக்கு அடுப்படி. மருமகள் என்னை வழியனுப்ப வந்தபோது, "வாடகை கட்டுபடியானா பக்கத்து லைன்லயே தனியா போயிருப்போம்" என்றாள். படிவத்தில் அது ஒரே குடும்பம்தான்.

ஆனால் அதே படிவத்தில் வேறு இரண்டு கேள்விகள் இருந்தன: குடியிருக்கும் அறைகள் எத்தனை, மணமான தம்பதிகள் எத்தனை. இந்த இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த மருமகள் தெரிவாள். நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையைக் கணக்கிட மத்திய அரசு அமைத்த, பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையிலான குழு 2012-இல் அவளைப் போன்றவர்களைத்தான் எண்ணியது. மொத்தப் பற்றாக்குறை சுமார் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் என்று குழு சொன்னது. அதில் ஏறக்குறைய 1.5 கோடி, தம்பதிக்குத் தனி அறை இல்லாத குடும்பங்களால் வந்தது. வீடே இல்லாதவர்களால் வந்தது 5.3 லட்சம். அந்த எண்களைப் படித்தபோது எனக்கு அந்த லைன் வீடு முழுசாகக் கண்முன் வந்தது.

இனி, வருங்காலத்தில் எத்தனை குடும்பங்கள் இருக்கும் என்ற கணிப்பு. உலகெங்கும் பரவலாகப் பயன்படும் முறை இது: ஒவ்வொரு வயதிலும், ஆண் பெண் தனித்தனியாக, நூறு பேரில் எத்தனை பேர் குடும்பத் தலைவராக இருக்கிறார்கள் என்று பழைய கணக்கெடுப்புகளிலிருந்து எடுப்பார்கள். அந்த விகிதம் போகும் போக்கை முன்னால் நீட்டி, வருங்கால மக்கள்தொகையோடு பெருக்குவார்கள். வந்த விடை, குடும்பங்களின் எண்ணிக்கை.

மக்கள்தொகையை மட்டும் பார்த்தால் போதாது. 2001-இலிருந்து 2011-க்குள் தமிழ்நாட்டு மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியது. குடும்பங்களோ 1 கோடியே 42 லட்சத்திலிருந்து 1 கோடியே 85 லட்சமாகின, அதாவது 30 சதவீத வளர்ச்சி. 2021-இல் 7 கோடியே 64 லட்சமாக இருக்கும் என்று கணிக்கப்பட்ட நம் மக்கள்தொகை, 2036-லும் 7 கோடியே 80 லட்சம் அளவில்தான் நிற்கும் என்கிறது அதிகாரபூர்வக் கணிப்பு. ஆள் கூடாவிட்டாலும் குடித்தனங்கள் பிரியும், தனியாக வாழும் முதியவர்கள் கூடுவார்கள். குடிநீர் இணைப்பு, மின் மீட்டர், கழிப்பறை எல்லாம் குடித்தனத்துக்குத்தான் வேண்டும், தலைக்கு அல்ல.

இந்தக் கணிப்பு முறையில் என்னை உறுத்துவது ஒன்று. வாடகைக்குப் பயந்து பிரியாமல் இருக்கும் இளைஞர்களால் அந்தக் குடும்பத் தலைவர் விகிதம் குறைகிறது. அதை அப்படியே முன்னால் நீட்டினால் நாளைக்கும் வீடு குறைவாகவே தேவை என்று விடை வரும். இங்கிலாந்தில் இது நடந்தது. 2018-இல் அங்கே தேசியப் புள்ளிவிவர அலுவலகம், ஆண்டுக்கு 2.1 லட்சம் என்றிருந்த குடும்ப வளர்ச்சிக் கணிப்பை 1.59 லட்சமாகக் குறைத்தது. மக்கள்தொகைக் கணிப்பே குறைந்தது ஒரு காரணம். 1971 முதலான போக்கைப் பார்க்காமல், இளைஞர்கள் தனியே போவது குறைந்திருந்த 2001, 2011 கணக்கெடுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டது இன்னொன்று. கடைசியில் அரசு, வீட்டுத் தேவைக்குப் பழைய கணிப்பையே வைத்துக்கொள்ளச் சொன்னது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நம் ஊரில் குடும்ப எண்ணிக்கையைக் கணிப்பவர்கள் பிரிந்த குடும்பங்களோடு, பிரிய முடியாதவற்றையும் தனி எண்ணாகத் தரவேண்டும். 2027 கணக்கெடுப்பு வேலைக்குப் போகும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். "ரூம் எத்தனை?" என்று கேட்டால் அடுப்படியையும் தாழ்வாரத்தையும் சேர்த்தே சொல்வார்கள். சமையலறை கணக்கில் வராது, ஆள் குடியிருக்க முடியாத தாழ்வாரமும் வராது. எழுதுமுன் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள். தம்பதிகள் கேள்வியை மருமகளும் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள்.