தலைமையாசிரியரின் அளவுகோல்

உடற்கல்வி ஆசிரியராகப் பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் தலைமையாசிரியர் எனக்குக் கொடுத்த வேலை, வாலிபால் ஆடுகளத்துக்குக் கோடு போடுவது. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் என்பது பயிற்சிக் கல்லூரியிலேயே மனப்பாடம் ஆனதுதான். நாடாவைப் பிடித்து நான்கு பக்கமும் அளந்து, சுண்ணாம்புத் தூளைத் தூவி, ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். மாலையில் வந்து பார்த்தவர் எதுவும் சொல்லவில்லை. நாடாவின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்து மூலையில் நிற்கச் சொல்லிவிட்டு, மறுநுனியுடன் எதிர்மூலைக்கு நடந்தார். ஒரு மூலைவிட்டம் 20.40 மீட்டர் வந்தது, மற்றது 19.85. இரண்டும் 20.12 இருந்திருக்க வேண்டும். பக்கங்கள் நான்கும் சரி, கோணம்தான் சரிந்திருந்தது. மறுநாள் எட்டாம் வகுப்பை வெளியே அழைத்து வந்து, என் கோடுகளை வைத்தே பிதாகரஸ் தேற்றத்தை நடத்தினார். பிழை யாருடையது என்று பிள்ளைகளிடம் அவர் சொல்லவில்லை. அழித்துவிட்டு மறுபடி கோடு போட்ட என்னைப் பார்த்து அவர்களாகவே தெரிந்துகொண்டார்கள்.

அவர் கணித ஆசிரியராக இருந்து தலைமையாசிரியரானவர். பள்ளி நேரம் முடிந்ததும் அதே மைதானத்தில் ஊர் விளையாட்டுக் கழகத்தின் தலைவராக நிற்பார். என்னையும் கழகச் செயலாளராக இழுத்துவிட்டதால், பகலில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையுமாக அவருக்குக் கீழே வேலை செய்தேன். பள்ளிப் பந்துகள் ஒரு பெட்டியிலும் கழகப் பந்துகள் இன்னொரு பெட்டியிலும் இருக்க வேண்டும். பள்ளிப் பம்பால் கழகப் பந்துக்குக் காற்றடித்தால்கூடக் கேள்வி வரும். எனக்கு அது அப்போது கெடுபிடியாகவே பட்டது. இரண்டு கணக்கையும் பின்னாளில் நானே எழுத நேர்ந்தபோதுதான், யாரும் சந்தேகம் கேட்க இடமில்லாமல் ஒரே மனிதர் இரண்டு பொறுப்பை வகிப்பது எவ்வளவு கடினம் என்று விளங்கியது.

அவரைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது பெண்கள் அணியைப் பற்றித்தான். ஆண்களுக்கு வலையின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. வித்தியாசம் 19 சென்டிமீட்டர்தான் என்றாலும், வலையை இறக்கி மறுபடி விறைப்பாகக் கட்ட இருபது நிமிடம் ஆகும் என்பதால், எங்கள் கம்பங்களில் வலை எப்போதும் ஆண்களின் உயரத்திலேயே இருந்தது. பெண்கள் வந்தால் அந்த உயரத்திலேயே ஆடிவிட்டுப் போவார்கள். பந்தை மேலிருந்து அடிக்கவே அவர்களுக்கு வராமல் போனதற்கு நாங்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம், நானும் சேர்த்துத்தான். அவர் ஒரு மூங்கில் கழியில் இரண்டு உயரங்களையும் கீறி, நிறம் பூசி, கம்பத்தில் சாய்த்து வைத்தார். இனி முதல் ஒரு மணி நேரம் பெண்களுக்கு என்றும், அதன் பிறகு வலையை உயர்த்திக் கட்டுவது ஆண்களின் பொறுப்பு என்றும் கழகக் கூட்டத்தில் அறிவித்தார். மூத்த ஆட்டக்காரர்கள் சிலர் ஒரு மாதம் மைதானத்துப் பக்கமே வரவில்லை. வராதவர்களை அவர் அழைக்கவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. வந்தவர்களோடு சேர்ந்து வலைக்கயிற்றை இழுத்துக் கட்டினார். அந்தப் பருவம் முடிவதற்குள் எங்கள் பெண்களில் மூன்று பேர் ஸ்மாஷ் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

1990களின் இறுதியில் ஆட்ட விதிகள் மாறின. சர்வீஸ் செய்யும் அணிக்கு மட்டுமே புள்ளி என்ற பழைய முறை போய், ஒவ்வொரு ராலிக்கும், அதாவது சர்வீஸிலிருந்து பந்து விழும் வரையிலான ஒவ்வொரு ஆட்டத்துக்கும், யார் வென்றாலும் புள்ளி என்றும், முதல் நான்கு செட்டுகளுக்கு 25 புள்ளிகள் என்றும் ஆனது. வலையருகே எழும்பி அடிக்காமல் பின்வரிசையில் மட்டும் ஆடும் லிபரோ என்ற தற்காப்பு ஆட்டக்காரரும் வந்தார். ஆட்டமே கெட்டுவிட்டது என்று பழையவர்கள் புலம்ப, குள்ளமான பையன்களுக்கு இடம் கிடைத்தது என்று அவர் மகிழ்ந்தார்.

இனி சொல்வது என் தவறு. பதினேழு வயதுக்கு உட்பட்டோர் போட்டி ஒன்றுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரித்தது நான். அடிப்பவர்களுக்குப் பந்தை ஏற்றிக் கொடுக்கும் எங்கள் செட்டர் வயது வரம்பைச் சில வாரங்கள் தாண்டியிருந்தான். அவன் இல்லாமல் அணி இல்லை என்று எண்ணிப் பிறந்த தேதியை மாற்றி எழுதி அனுப்பிவிட்டேன். பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு தலைமையாசிரியரின் அறையில் இருப்பது என் நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்? அவர் பார்க்க மாட்டார் என்று நம்பினேன். போட்டியன்று காலை அவர் அமைப்பாளர்களிடம் தாமே சென்று விஷயத்தைச் சொல்லி அணியைத் திரும்பப் பெற்றார். திரும்பும் வழியெல்லாம் பையன்கள் அழுதார்கள். பத்து நாட்கள் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் விளக்கம் கேட்கவில்லை. கேட்டவன் அந்தச் செட்டர்தான். "சார், எல்லாரும் நான் பொய் சொன்னதா சொல்றாங்க. நானா சார் சொன்னேன்?" என்றான். அடுத்த நாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், தேதியை மாற்றியது நான் என்று சொன்னேன். தலைமையாசிரியர் தலையை மட்டும் அசைத்துவிட்டு அன்றைய அறிவிப்புகளை வாசிக்கத் தொடங்கினார்.

குறையே இல்லாதவர் என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. சாவியையும் கணக்கு நோட்டையும் பிறர் கையில் விட அவருக்கு மனம் வந்ததில்லை. பணி ஓய்வுக்குப் பிறகும் கழகத்தைத் தனியொருவராகச் சுமந்தார். திடீரென்று அவர் மறைந்தபோது, சந்தா யார் தந்தார், யார் தரவில்லை என்பதிலிருந்து வலை எங்கே இருக்கிறது என்பது வரை எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கழகம் பல மாதங்கள் முடங்கிக் கிடந்தது. அவர் உழைப்பைப் போற்றிப் பேசிய இரங்கல் கூட்டத்தில் இதை யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பண்டக அறையை ஒழித்தபோது அந்த மூங்கில் கழி கிடைத்தது. இரண்டு கீறல்களுக்குக் கீழே, சிறுவர்களுக்காக 2.10, 2.00 என்று பென்சிலால் குறித்திருந்தார். இப்போது பெண்கள் அணியினர்தான் அதை வைத்திருக்கிறார்கள். சென்ற வாரம் அணித்தலைவி கழியின் அருகே நாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடிப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் தேஞ்சிருக்கு சார்" என்றாள். பழைய கீறலுக்குச் சற்று மேலே புதிதாக ஒன்றைக் கீறிவிட்டு, வலையைக் கட்டப் போனாள்.