விடியும் வரை தாங்கும் எலக்ட்ரோடு அமைப்பு

தூக்க ஆய்வுக்கு வயர் ஒட்டும் முன் மருத்துவர் எழுதிய சீட்டைப் படித்துவிடுங்கள். குறட்டை, மூச்சடைப்பு என்றால் வழக்கமான அமைப்பே போதும். கனவில் கை வீசுகிறார், கத்துகிறார் என்றால் விரல்களை மடக்கும் முன்கைத் தசையிலும் ஒட்ட வேண்டும். வலிப்போ என்ற சந்தேகம் இருந்தால் நெற்றிப்பொட்டுப் பக்கங்களையும் சேர்த்த விரிவான இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) தேவை.

மூளை அலைக்கு அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கும் மூன்று எலக்ட்ரோடு இணைகள்: எஃப்4-எம்1, சி4-எம்1, ஓ2-எம்1 (எஃப் முன்தலை, சி நடுத்தலை, ஓ பின்தலை, எம் காதின் பின்னெலும்பு; இரட்டை எண் வலப்பக்கம், எம்1 மட்டும் இடக்காது). இடப்பக்க எஃப்3, சி3, ஓ1, வலக்காதின் பின்னால் எம்2 ஆகியவை மாற்று. நேரத்தை மிச்சப்படுத்த மாற்றை ஒட்டாமல் விடுவது பெரிய தவறு. மூன்று இணைகளுக்கும் எம்1 பொது. நோயாளி இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் இடக்காதின் பின்னால் உள்ள அந்த ஒரு கப் (கிண்ண வடிவ எலக்ட்ரோடு) தலையணையில் அழுந்தி நகரும். மூன்று கோடுகளும் ஒன்றாகக் கெடும். மாற்று ஒட்டியிருந்தால் அவரை எழுப்பாமல் திரையிலேயே எம்2 இணைகளுக்கு மாறிக்கொள்ளலாம்.

அன்று ஷாம்பு போட்டுக் குளித்து, தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். எண்ணெய்த் தலையில் எந்தப் பேஸ்டும் நிற்காது. ஜெல் தொட்ட பஞ்சுக்குச்சியால் தோலைத் தேய்த்துவிட்டு, கப் நிறையப் பேஸ்ட் வைத்து, மேலே துணித்துண்டு அழுத்துங்கள். இம்பீடன்ஸ் (தோலுக்கும் கப்புக்கும் இடையிலான மின்தடை) தலையிலும் கண்ணருகிலும் 5 கிலோ ஓமுக்குள். காலில் 10 வரை போகலாம். ஒரு கப் 3, அதன் இணை 15 என்றிருந்தால் 50 ஹெர்ட்ஸ் மின்னிரைச்சல் புகுந்து கோடு தடிக்கும். அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரால் அதை மறைக்காதீர்கள், கப்பைக் கழற்றித் திரும்ப ஒட்டுங்கள். தங்கக் கப்பையும் வெள்ளிக் கப்பையும் ஒருவருக்கே கலந்து போட்டால் கோடு மெல்ல மிதந்து நகரும்.

வியர்வைதான் மோசமான ஏமாற்று. மெதுவாக ஊசலாடும் அந்த அலை ஆழ்தூக்கத்தின் மெதுவான டெல்டா மூளை அலை போலவே தெரியும். அதை நம்பிக் குறித்தால் அறிக்கையே தப்பாகிவிடும். ஃபில்டரைத் தொடாமல் ஏசியின் வெப்பநிலையைக் குறையுங்கள், போர்வையை விலக்குங்கள்.

கண்ணுக்கு: இடக்கண்ணின் வெளிமுனையிலிருந்து 1 செ.மீ. வெளியே, 1 செ.மீ. கீழே, வலக்கண்ணில் 1 செ.மீ. வெளியே, 1 செ.மீ. மேலே. இரண்டுக்கும் துணை எம்2. கண் அசைந்தால் இரு கோடுகளும் எதிரெதிராகப் போகும். மூளை அலை கலந்தால் சேர்ந்தே ஏறி இறங்கும்.

தாடையில் மூன்று: நடுவில் எலும்பின் கீழ்விளிம்புக்கு 1 செ.மீ. மேலே ஒன்று, விளிம்புக்கு 2 செ.மீ. கீழே, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 2 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. தாடைத் தசை தளர்வது தெரியாமல் கனவுத்தூக்கத்தை உறுதியாகக் குறிக்க முடியாது. தாடி இருந்தால் இங்கே கூடுதல் நேரம் செலவிடுங்கள்.

காலில் பாதத்தை மேலே தூக்கச் சொன்னால் முன்தசை புடைக்கும். அதன் மேல் 2–3 செ.மீ. இடைவெளியில் இரண்டு.

விளக்கணைக்கும் முன் கண்ணைத் திறந்து 30 நொடி, மூடி 30 நொடி, இடம் வலம் பார்வை, ஐந்து முறை இமைத்தல், பல்லைக் கடித்தல், பாதம் அசைத்தல் எல்லாம் பதியுங்கள். காலையில் வயரைக் கழற்றும் முன் இதையே இன்னொரு முறை.