கல்லுக்குப் பக்கத்தில் சூளை, சாம்பலுக்குப் பக்கத்தில் அரவை

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், டெஸ்பாட்ச் பிரிவில் பல வருடங்கள் இருந்தேன். "இந்தப் பொட்டலில் வந்து ஏன் ஃபேக்டரி போட்டார்கள்? அரசாங்கம் சலுகை கொடுத்திருக்கும்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சலுகையெல்லாம் அப்புறம். முதலில் கல்.

சூளையில் சுட்டெடுத்து, பிறகு சிமெண்டாக அரைக்கிற கட்டிகளுக்குக் கிளிங்கர் என்று பெயர். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் சூளைக்குள் போக வேண்டும். சுத்தமான கல்லென்றால் அதன் எடையில் 44 சதவீதம் கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடும். காற்றில் போகப்போகிற எடைக்கு யார் லாரி வாடகை கொடுப்பார்கள்? 1934இல் மதுக்கரை, 1939இல் டால்மியாபுரம், 1979இல் அரியலூர் அரசு ஆலை என்று எல்லாமே கல்லைப் பார்த்து உட்கார்ந்தவைதான். நிலக்கரி காரைக்காலில் இறங்கினாலும் தூத்துக்குடியில் இறங்கினாலும் எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. கல்லின் எடையில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் வரும். ஆலையைத் துறைமுகத்துக்கு இழுக்க அந்த எடை போதாது.

சுரங்கத்தில் வெடி வைத்தபின் கல்லைப் புரட்டினால், விரலால் வரி வரியாகத் தடவிப் பார்க்கும்படி சிப்பி பதிந்திருக்கும். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்தது. சரியாகச் சொன்னால், ஆலைக்கு இடம் தேர்ந்தெடுத்தது அந்தக் கடல்தான். இயக்குநர் குழு கையெழுத்து மட்டும் போட்டது.

கணக்கு மாறியது அரவையில். பிபிசி (PPC) என்கிற கலப்பு சிமெண்டில் அனல்மின் நிலையத்து உலர் சாம்பலை 35 சதவீதம் வரை கலக்கலாம். மேட்டூர் அனல்மின் நிலையத்திலிருந்து டேங்கரில் சாம்பல் வரும். அதைக் கலந்து அரைத்து, மூட்டை கட்டி, சேலத்துக்கே லோடு ஏற்றுவோம். ஒரே சாம்பலுக்குப் போக ஒரு வாடகை, வர ஒரு வாடகை. பில்லில் கையெழுத்துப் போடும்போது எனக்கே எரிச்சலாக இருக்கும். கிளிங்கரோ சூளையிலேயே இழக்க வேண்டியதை இழந்துவிட்டது. சிமெண்ட் மூட்டை மாதிரி ஈரக்காற்றில் சீக்கிரம் கட்டிதட்டியும் போகாது. அதை ரயிலில் அனுப்பி, சாம்பலும் வாங்குகிற ஆளும் இருக்கும் ஊரில் அரைத்துக்கொண்டால் போதும். அனல்மின் நிலையங்களை ஒட்டி அரவை ஆலைகள் வந்ததற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கில் யாரும் எழுதாத வரி ஒன்று உண்டு: ஊர். கல் லாரிகள் ஓடிய சாலையோரத்தில் கொடியில் காயப்போட்ட துணி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லாரி ஓடக்கூடாது என்று மக்கள் மறித்தார்கள். நியாயம்தான், நிறுத்தினோம். ஒரு வண்டி அடிக்கும் நடை குறைந்தது, டன்னுக்கு வாடகை ஏறியது. அதற்கடுத்த விரிவாக்கத்துக்கு இடம் பார்க்க வந்தவர்கள் தண்ணீர், மின்சாரம் பற்றிக் கேட்பதற்கு முன்பே, சுரங்கத்திலிருந்து ஊருக்குள் நுழையாமல் கன்வேயர் பெல்ட் போட வழி இருக்கிறதா என்று கேட்டார்கள்.