தலையணைக்கு அடியில் இருந்த நாவல்

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நர்ஸாகச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஒரு நைட் டூட்டியில், பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் படுக்கை விரிப்பை மாற்றும்போது தலையணைக்கு அடியில் ஒரு நாவல் இருந்தது. ஜான் கிரீன் எழுதி 2012இல் வெளிவந்த ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’.

நான் படித்த கதைதான். ஹேசலுக்கு 16 வயது. தைராய்டில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரல்வரை போயிருக்கும். ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டே நடப்பாள். அவள் நேசிக்கும் அகஸ்டஸுக்கு எலும்புப் புற்றுநோயால் ஒரு கால் போயிருக்கும். கடைசியில் அவன்தான் இறந்துபோவான்.

எங்கள் பையனுக்கும் அதே ஆஸ்டியோசர்கோமா. எலும்பு வேகமாக வளரும் வயதில், பெரும்பாலும் முழங்காலை ஒட்டி வருகிற நோய். பரவினால் அனேகமாக நுரையீரலுக்குத்தான் போகும். அவனுக்குப் போய்விட்டது. பெற்றோரிடம் சொல்லியாயிற்று. அவனிடம் யாரும் சொல்லவில்லை.

புத்தகத்தை எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அவன் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று முழுசாக நம்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

விடியற்காலையில் காய்ச்சல் பார்க்கப் போனபோது கண் திறந்தே படுத்திருந்தான்.

“புத்தகத்தைக் குடுத்துடுங்க சிஸ்டர். முடிவு தெரியும். ரெண்டாவது தடவை படிக்கிறேன்.” கொஞ்சம் விட்டு, “ஹேசல் சாப்பிடுற ஃபாலன்க்ஸிஃபோர்னு ஒரு மருந்து வருதே, அது நிஜமாவே இருக்கா?” என்றான்.

ஹேசலின் கட்டிகள் பெருகாமல் தடுத்து வைத்திருக்கும் மருந்து அது. தெரியாது என்று சொல்லி நழுவியிருக்கலாம். “இல்லப்பா. அவர் கற்பனை பண்ணினது” என்றேன்.

“தெரியும். கடைசிப் பக்கத்துல அவரே எழுதியிருக்கார். நீங்க பொய் சொல்றீங்களான்னு பார்த்தேன்.” அப்புறம் கேட்டான்: “அவ ஸ்கேன்ல என்ன வந்துச்சுன்னு அவளுக்குத் தெரியுது. என் ஸ்கேன்ல என்ன வந்துச்சு? அம்மா இப்பல்லாம் படி படின்னு சொல்றதே இல்ல.”

மைரா ப்ளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர் 1978இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் எழுதியிருந்தார். ரத்தப் புற்றுநோய் வந்த சின்னக் குழந்தைகள்கூட யாரும் சொல்லாமலே தங்கள் நிலையைத் தெரிந்துகொள்கிறார்கள். பெரியவர்கள் நடிப்பதைப் பார்த்து அவர்களும் தெரியாததுபோல் நடிக்கிறார்கள். பயிற்சியில் படித்துத் தேர்வும் எழுதிய விஷயம்தான். கட்டிலருகே நிற்கும்போது நினைவுக்கு வரவில்லை.

“எனக்குத் தெரியும். ஆனா நான் தனியா சொல்லக் கூடாது. டாக்டரையும் அப்பா அம்மாவையும் உக்கார வெச்சு சொல்ல வைக்கிறேன்” என்றேன். தலையாட்டினான்.

அவன் அம்மாவைச் சம்மதிக்க வைக்க இரண்டு நாள் ஆனது. “அவன் உடைஞ்சிடுவான் சிஸ்டர்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். 2004இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வைப் பற்றி டாக்டர் அவரிடம் எடுத்துச் சொன்னார். புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் நடத்தியது. பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேசியிருந்த 147 பேரில் ஒருவர்கூட அப்படிப் பேசியதற்காக வருந்தவில்லை. பேசாமல் விட்டவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வருந்தினார்கள். ஆனால் அவரை அசைத்தது அந்தக் கணக்கு இல்லை என்று நினைக்கிறேன். “நீங்க படின்னு சொல்றதை நிறுத்திட்டீங்கன்னு கவனிச்சிருக்கான்மா” என்று நான் சொன்னபோதுதான் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

திரைக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அழுகைச் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து அம்மா வெளியே வந்து, “அந்தப் புத்தகம் வேணுமாம் சிஸ்டர்” என்றார்.

அன்றிரவிலிருந்து அவர் வாசிக்க, அவன் கேட்டான். நடுநடுவே கதையோடு சண்டையும் போட்டான். ஆம்ஸ்டர்டாமில், நாஜிகளுக்குப் பயந்து ஆன் ஃபிராங்க் என்ற சிறுமி ஒளிந்திருந்த வீட்டின் படிகளில் ஹேசல் ஏறும் இடத்தில், “அந்த நுரையீரலோட அவ்வளவு படி ஏற முடியாதும்மா” என்றான். மூச்சு வாங்கியபடியே சொன்னான்.

நான்காம் இரவு மார்ஃபின் கொடுக்கப் போனேன். அகஸ்டஸ் சாகிற அத்தியாயம் வந்திருந்தது. அம்மாவின் குரல் நின்றுபோயிருந்தது.

“படிம்மா” என்றான்.