ஸ்மாக் ஃபெயில் ஆன காரை தானம் கொடுக்கும் முன்

கலிஃபோர்னியாவில் ஸ்மாக் டெஸ்ட்ல (வண்டிப் புகைச் சோதனை) கார் ஃபெயில் ஆனதும் அதைத் தொண்டு நிறுவனத்துக்கு தானம் கொடுக்க அவசரப்படாதீங்க. முதல்ல ரிப்போர்ட்டைப் பாருங்க. பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலே மானிட்டர்கள் (கார் கம்ப்யூட்டரின் புகைக் கட்டுப்பாட்டு சுய சோதனைகள்) 'தயாராகவில்லை'ன்னு வரும். சில நாள் ஓட்டினா பெரும்பாலும் சரியாகிடும். பி0420 என்ற பழுதுக் கோடு வந்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரே போயிருந்தா செலவு பெரிசு, அப்போ தானம் நியாயம். கார் ஓடுற நிலையில இருந்தா, மாநில அரசே பணம் கொடுத்து வாங்கி உடைக்கிற திட்டமும் இருக்கு. தகுதி இருக்கான்னு பாருங்க.

டைட்டில்ல (கார் உரிமைப் பத்திரம்) கையெழுத்துப் போட்டுக் கொடுத்த 5 நாளுக்குள் டிஎம்வி (மாநில மோட்டார் வாகனத் துறை) தளத்தில் பொறுப்பு விடுவிப்பு நோட்டீஸ் (ரெஜ் 138) போட்டே ஆகணும். விட்டீங்கன்னா அடுத்தவர் வாங்குற பார்க்கிங் டிக்கெட் உங்க வீட்டுக்கு வரும்.

வரி விஷயம்: தொண்டு நிறுவனம் காரை ஏலத்தில் 700 டாலருக்கு வித்தா, உங்க வரிக் கழிவும் அதிகபட்சம் 700தான், ப்ளூ புக் (பழைய கார் விலைப் பட்டியல்) விலை இல்லை. அவங்க தர்ற 1098-சி என்ற வரிப் படிவம், கார் விற்ற 30 நாளுக்குள் கைக்கு வரணும். ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் (தனித்தனியா கணக்குக் காட்டாம எடுக்கிற நிலையான கழிவு) எடுக்கிறவங்களுக்கு இந்தக் கழிவே கிடையாது.